சத்தம் அடங்கிய மடிக்கணினி

காலைத் தேநீர் வருவதற்கு முன்பாகவே வர்ஷினியின் மடிக்கணினி இரையத் தொடங்கிவிட்டது. முதலில் மெல்லிய சீற்றமாக எழுந்த விசிறிச் சத்தம், சற்று நேரத்தில் அறை முழுவதும் கேட்கும்படி ஓங்கியது. ஒரு டீ-சர்ட்டின் பாகங்களைத் துணியின் மீது எவ்வாறு அடுக்கினால் குறைந்த துணி செலவாகும் என்று திரையில் மென்பொருள் கணக்கிட்டுக்கொண்டிருந்தது. கணக்கு முடிகிற வழியாகத் தெரியவில்லை.

"அம்மிணி, அது லேப்டாப்புங்களா, பாய்லருங்களா?" என்று கேட்டபடி உள்ளே வந்தார், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர் தண்டாயுதபாணி. "கீழ அயர்னிங்ல ஸ்டீம் பத்தலையாமா. இதுல இருந்து ஒரு பைப்பு போட்டுக் குடுத்துருங்க."

"கிண்டல் மட்டும் வக்கணையாப் பண்ணுங்க. ஓனர்கிட்டச் சொல்லிப் புதுசு ஒண்ணு வாங்கிக் குடுக்க உங்களுக்கு வாய் வராதுங்க."

"சொல்லியாச்சுங்க. இன்னிக்கு வருதுங்க. போதுங்களா?"

வர்ஷினியின் முகம் மலர்ந்தது. திருமுருகன்பூண்டிச் சாலையில் இருந்த அந்த ஏற்றுமதிப் பின்னலாடை நிறுவனத்தில் வடிவமைப்பு அறை என்று ஒன்று உருவானதே அவள் பணியில் சேர்ந்த பிறகுதான். பொங்கலூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண்ணான அவள், கோவையில் ஆடை வடிவமைப்பில் பட்டம் பெற்றவள். காகிதத்தில் வரைந்து கொண்டிருந்த வேலைகளைக் கணினிக்கு மாற்றியவள் அவளே. ஆகவே புதிய மடிக்கணினி தனக்குத்தான் என்பதில் அவளுக்கு ஐயம் எழவே இல்லை.

மதியத்திற்குப் பின் உரிமையாளர் தங்கதுரை, பிரிக்கப்படாத பெட்டியுடன் மாடிக்கு வந்தார். வர்ஷினி எழுந்து நின்றாள். அவர் அவளைக் கடந்து, எதிரே இருந்த சன்னலோர மேசைக்குச் சென்றார்.

"ஆஷா கண்ணு, இது உனக்கு. த்ரீடி சாம்பிள் வேலை இனி உன்னோடது. ஆர்டர் குடுக்கற வெளிநாட்டுப் பையருக்குத் துணியில தெச்சு அனுப்பறதுக்கு முன்னாடி ஸ்கிரீன்லயே காட்டோணும்." பின்பு திரும்பி, மனமாரப் பாராட்டுகிற தொனியில் சொன்னார்: "வர்ஷினி அம்மிணிக்கு எந்த மெஷினக் குடுத்தாலும் ஓட்டிப்புடுவாங்க. அவங்களுக்குப் பழசே போதும்."

"ஆமாங்க சார்" என்றாள் வர்ஷினி. அவள் உதடுகள் புன்னகை செய்தன.

ஆஷாவின் குடும்பம் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பிழைப்புக்காகத் திருப்பூர் வந்தது. தந்தை அந்தோணிராஜ் அதே நிறுவனத்தின் கீழ்த்தளத்தில் ஓவர்லாக் இயந்திரத்தில் தைப்பவர். ஆஷாவும் முதலில் கீழே செக்கிங் மேசையில் நின்று, தைத்த ஆடைகளில் பிசிறு வெட்டிக் கறை பார்த்துக்கொண்டிருந்தவள்தான். மாலை வகுப்பில் படித்து முடித்து மாடிக்கு வந்திருந்தாள். அவளுக்கு முதலில் கணினி கற்றுக் கொடுத்தவளும் வர்ஷினியே. அப்போது அதை மகிழ்ச்சியோடுதான் செய்தாள். தன்னிடம் கற்றுக்கொள்ளும் ஒருத்தி தனக்குக் கீழேயே இருப்பாள் என்று அவள் மனம் எண்ணியிருக்கலாம்.

புதிய மடிக்கணினி சிறிதும் சத்தமிடவில்லை. அந்த அமைதிதான் வர்ஷினியை மிகவும் வருத்தியது. தன் மேசையில் விசிறி அலறும் ஒவ்வொரு முறையும், எதிர் மேசையின் அமைதி அவள் காதில் விழுந்தது. ஆஷா திரையைத் துப்பட்டா நுனியால் துடைப்பதையும், தொலைபேசியில் தங்கதுரை யாரிடமோ "எங்க ஆஷா பாத்துக்குவா" என்று சொல்வதையும், தேநீர் கொண்டு வருபவர் முதல் கோப்பையை எந்த மேசையில் வைக்கிறார் என்பதையும் அவள் கவனிக்கலானாள். ஆஷா ஐயம் கேட்டு வரும்போது முன்போலவே பதில் சொன்னாள். ஆனால் பாதி பதிலோடு நிறுத்திக்கொண்டாள்.

ஒரு நாள் ஆஷா தயங்கித் தயங்கி அவளருகே வந்தாள்.

"அக்கா, ஒரு தப்புப் பண்ணிட்டேன். யாருகிட்டயும் சொல்லிராதீங்க."

"என்ன ஆஷா?"

"லேப்டாப்புல பஞ்சு சேந்திருக்கும்னு நெனச்சு, கீழ கொண்டுபோயி ஏர் கன்னால ஊதிட்டேன்க்கா. மெஷின எல்லாம் அப்படித்தான ஊதுறோம். அன்னையில இருந்து ஃபேன் கத்துது. சூடு வேற. மாடல் சுத்துறப்ப திக்கித் திக்கி நிக்குது."

அந்த ஊரில் இப்படி ஒரு தவறு நிகழ்வது இயல்பே. பின்னலாடைக் கூடங்களில் பஞ்சுத் தூசி காற்றைப் போல எங்கும் இருக்கும். தையல் இயந்திரமானாலும், மேசையானாலும், பணி முடிந்து செல்பவரின் தலைமுடியானாலும், காற்றழுத்தக் குழாயை எடுத்து ஊதிவிடுவது எல்லோருக்கும் வழக்கம். மடிக்கணினியில் அவ்வாறு ஊதினால் தூசி வெளியே வராமல் உள்ளே சென்று அடைத்துக்கொள்ளும். சூடு வெளியேற வழியின்றி விசிறி வேகமாகச் சுழலும். அதற்கும் சூடு தணியாவிட்டால், கணினியின் மூளையான செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

இவை அனைத்தும் வர்ஷினிக்குத் தெரியும். தன்னுடைய பழைய கணினியை அவள் பலமுறை திறந்து துடைத்திருக்கிறாள். அடிமூடியைக் கழற்றி, விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு, சிறிய தூரிகையால் தூசியை எடுத்தால் போதும். ஒரு தேநீர் குடிக்கும் நேரத்து வேலை.

"சித்த நேரம் குடு. பாக்கறேன்" என்றாள்.

ஆஷா தண்ணீர் குடிக்கச் சென்றாள். வர்ஷினி மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். திரையில் ஆஷா உருவாக்கிக்கொண்டிருந்த தொப்பி வைத்த குளிர்கால மேலாடை நின்றுகொண்டிருந்தது. அதன் மடிப்புகள் உண்மையான துணி போலவே விழுந்திருந்தன. வர்ஷினியின் கை திருப்புளியை எடுக்கவில்லை. கணினியின் மின் பயன்பாட்டு அமைப்புகளைத் திறந்தாள். செயலி எவ்வளவு வேகம் வரை இயங்கலாம் என்னும் இடத்தில் நூறு சதவீதம் என்றிருந்தது. அதை நாற்பது என்று மாற்றிச் சேமித்தாள்.

விசிறி உடனே அடங்கியது.

திரும்பி வந்த ஆஷா காதைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு வர்ஷினியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சத்தமே இல்லக்கா. என்னக்கா பண்ணீங்க?"

"ஒரு செட்டிங் மாத்துனேன். அவ்வளவுதான்."

"நீங்க இல்லன்னா என் பொழப்பு என்னாயிருக்கும்? ஃபேன் கத்துச்சு, அக்காதான் சரி பண்ணாங்கன்னு மட்டும் சார்கிட்டச் சொல்றேன்."

சொல்லவும் செய்தாள். அது வர்ஷினிக்கு ஒரு கணம் குத்தியது. மறுகணம், யாரும் இனி அந்தக் கணினியைத் திறந்து பார்க்கப் போவதில்லை என்ற எண்ணம் அந்தக் குத்தலை மூடிவிட்டது.

அடுத்து வந்த நாட்களில் ஆஷாவின் வேலை நத்தையாக நகர்ந்தது. ஓர் ஆடையைத் திரையில் திருப்பிக் காட்ட நெடுநேரம் ஆயிற்று. பொத்தானின் நிறத்தை மாற்றினால் அது மாறும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தன் கையில்தான் ஏதோ குறை என்று எண்ணி, அவள் மதிய உணவு நேரத்திலும் அமர்ந்து வேலை செய்தாள். தண்டாயுதபாணி அவள் பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"மெஷின் புதுசு. சவுண்டே இல்லாம சுத்தமா ஓடுது. அப்பறம் ஏனுங்க இத்தன நேரம்?"

இந்தத் தொழிலில் ஓர் இயந்திரத்தின் நலத்தைக் காதால் அறிவதே வழக்கம். மெக்கானிக் வரிசையில் நடந்து செல்லும்போதே எந்த மெஷினில் கோளாறு என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார். சத்தமின்றி ஓடும் இயந்திரம் நல்ல இயந்திரம். அது நல்லதென்றால், குறை அதை ஓட்டுபவரிடம்தான் இருக்க வேண்டும். தண்டாயுதபாணி மட்டுமல்லாமல் தங்கதுரையும் அவ்வாறே எண்ணினார். வர்ஷினி எதையும் சொல்ல வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. எதிர் மேசையில் ஆஷா நெற்றியைத் தேய்த்துக்கொள்வதைப் பார்க்கையில் அவளுக்கு உள்ளூர ஓர் இதம் உண்டாயிற்று. தன் கணினியின் இரைச்சல்கூட அந்நாட்களில் அவளுக்குத் தொந்தரவாகத் தோன்றவில்லை.

வெளிநாட்டு வாடிக்கையாளருடனான காணொளிக் கூட்டம் வந்தது. பெரிய திரையின் முன்பு அனைவரும் அமர்ந்தனர். ஆஷா தன் மேலாடையைத் திருப்பிக் காட்ட முயன்றாள். அது பாதி திரும்பி நின்றது. மீண்டும் அசைந்தது. மீண்டும் நின்றது. எதிர்முனையில் இருந்த பெண்மணி நாகரிகமாகக் காத்திருந்தார், பின்பு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு வேறொரு நாள் பேசலாம் என்று கூறி இணைப்பைத் துண்டித்தார். ஆஷா மவுஸை அசைத்தபடியே இருந்தாள். இணைப்பு போய்விட்டது என்பதை யாரோ அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

தங்கதுரை கோபக்காரர் அல்லர். அன்று அவர் குரலை உயர்த்தவும் இல்லை.

"ஆஷா கண்ணு, தப்பா நெனச்சுக்காதே. உனக்கு இது இன்னும் கைக்கு அடங்கல. திங்கக்கெழமையில இருந்து கீழ செக்கிங்கையே பாரு. வர்ஷினி அம்மிணி, லேப்டாப்ப நீங்க எடுத்துக்கோங்க. அந்த வேலையையும் நீங்களே பாருங்க."

"நான்தாங்க சார் ஏர் கன்னால ஊதுனேன்" என்றாள் ஆஷா, தரையைப் பார்த்தபடி. "அக்கா சரி பண்ணியும் கொடுத்தாங்க. அதுக்கப்பறமும் என்னால முடியல."

உண்மையைச் சொல்ல வர்ஷினிக்கு அதைவிட நல்ல தருணம் வாய்த்திருக்காது. அவள் அதைக் கடந்துபோக விட்டுவிட்டாள்.

அவள் விரும்பிய மடிக்கணினி அவள் மேசைக்கே வந்து சேர்ந்தது. அன்று மாலை வர்ஷினி அதன் முன் அமர்ந்திருந்தபோது, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒருவர் நின்றார். சட்டையெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது. ஆஷாவின் தந்தை அந்தோணிராஜ்.

"வரலாமாம்மா?"

"வாங்கண்ணா. செருப்பை எதுக்குக் கழட்டுனீங்க, உட்காருங்க."

அவர் உட்காரவில்லை. "புள்ள எல்லாத்தயும் சொல்லிச்சும்மா. நீங்கதான் கூட நின்னு ஒத்தாசை பண்ணுனியளாம். ஒங்கள வாயாரச் சொல்லுதா. அதான், ஒங்ககிட்டயே கேட்டுட்டுப் போவலாம்னு வந்தேன்."

"என்னங்கண்ணா?"

"அவளுக்குக் கை வரலைன்னு மொதலாளி சொல்லுதாரு. எங்க அக்கா ஊர்ல இருந்து ஒரு மாப்பிள்ள வீட்டுக்காரவியள கூட்டிட்டு வாரேன்னு சொல்லிக்கிட்டே இருக்கா. புள்ள படிக்கட்டும், வேலையில நிக்கட்டும்னு நான்தான் தள்ளிப்போட்டேன். இப்போ வர்ற ஞாயித்துக்கெழம வாரோம்னு நிக்கா. நீங்க பக்கத்துல இருந்து பாத்தவிய. நெசத்தச் சொல்லுங்க. அவளுக்குக் கை வராதுன்னா, நான் அவளப் போட்டு வருத்தல. சரின்னு சொல்லிருதேன். ஒங்க வார்த்தைய வச்சுதான் முடிவு பண்ணுவேன்."

இவ்வளவு தூரம் போகும் என்று வர்ஷினி நினைத்திருக்கவில்லை. ஒரு சிறிய எண்ணை மாற்றியதாகத்தான் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குச் சொல்றேனுங்க அண்ணா" என்று மட்டும் அவளால் கூற முடிந்தது.

"யோசிச்சே சொல்லுங்கம்மா" என்று கும்பிட்டுவிட்டு அவர் இறங்கிச் சென்றார்.

வர்ஷினி கதவைச் சாத்தினாள். நாற்பதை மீண்டும் நூறாக்கினாள். விசிறி அலறிக்கொண்டு எழுந்தது. ஆஷாவின் மேலாடையைத் திறந்து திருப்பினாள். அது தடையின்றிச் சுழன்றது. தொப்பியின் விளிம்பு தோளில் சரிந்து விழும் அழகையும், முழங்கை மடியும் இடத்தில் துணி சுருங்குவதையும், கழுத்துப் பட்டையின் இழுவையையும் அவள் பார்த்தாள். தன்னால் இவ்வாறு செய்ய இயலாது என்பது அவளுக்கு ஐயமின்றித் தெரிந்தது. பொறாமை அப்போதும் விலகவில்லை. உண்மையில் முன்னெப்போதையும்விட அதிகமாக எரிந்தது. அந்த எரிச்சலோடுதான் அவள் திருப்புளியை எடுத்தாள்.

அதற்குள் மேலாடை மறுபடியும் திக்கி நின்றிருந்தது. சூடு ஏறிவிட்டது. மூடியைக் கழற்றினாள். சூடு வெளியேறும் துளைகளின் குறுக்கே, பஞ்சு அழுந்தி அழுந்தி ஒரு சிறு துணித்துண்டு போலவே படிந்திருந்தது. அதை முழுதாக உரித்தெடுக்க முடிந்தது. தூரிகையால் துடைத்து, மூடியைப் பொருத்தி, மீண்டும் திறந்தாள். மேலாடை சுழன்றது. சுழன்றுகொண்டே இருந்தது. விசிறி மெல்லிய காற்றொலியோடு ஓடியது. செய்ய வேண்டியிருந்ததெல்லாம் இவ்வளவே.

மறுநாள் காலை அவள் நடுத்தளத்தில் இருந்த தங்கதுரையின் அறைக்கு அந்த மடிக்கணினியுடன் சென்றாள். ஆஷாவையும் அழைத்து வரச் சொல்லியிருந்தாள். தண்டாயுதபாணி ஏற்கெனவே அங்கு இருந்தார்.

"சார், இதைப் பாருங்க" என்று மேலாடையைச் சுழற்றிக் காட்டினாள்.

தண்டாயுதபாணி வியந்தார். "பாத்தீங்களா சார், ஆளு மாறுனதும் எத்தன வெசயா ஓடுது."

"ஆளு மாறலீங்க. இது ஆஷா பண்ணுன மாடலுங்க. நான் ஒரு கோடு கூடத் தொடலை." வர்ஷினி அமைப்புகளைத் திறந்து அந்த எண் இருந்த இடத்தைக் காட்டினாள். "இங்க நாப்பதுன்னு நான்தானுங்க மாத்தி வெச்சேன். சரி பண்றேன்னு வாங்கி, ஓடாம பண்ணிட்டேன். உள்ள இருந்த பஞ்சையும் எடுக்கல."

தண்டாயுதபாணி குனிந்து அந்த இடத்தைப் பார்த்தார்.

"எதுக்கு அம்மிணி?" என்று கேட்டார் தங்கதுரை. அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

"பொறாமைங்க சார்."

தங்கதுரை கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஆஷா கண்ணு, நீ கீழ போக வேண்டாம். பையருகிட்ட மறுபடி மீட்டிங் கேக்கறேன். குடுப்பாங்களான்னு தெரியல, கேக்கறேன்." வர்ஷினியின் பக்கம் அவர் திரும்பவில்லை. "உன்னைய என்ன பண்றதுன்னு எனக்கு இப்பத் தோணல. பொறகு சொல்றேன்."

வர்ஷினி ஆஷாவைப் பார்த்தாள். அழுவாள், அல்லது திட்டுவாள் என்று எதிர்பார்த்திருந்தாள். ஆஷா மெதுவாகத்தான் பேசினாள்.

"சத்தம் போட்டுக்கிட்டே ஓடியிருந்தா, மெஷின்ல கோளாறுன்னு யாராவது பாத்திருப்பாங்கக்கா. நீங்க சத்தத்த மட்டும் நிறுத்துனீங்க. அதனால எல்லாரும் என்னைய கோளாறுன்னு நெனச்சாங்க. நானே நெனச்சேன்." சற்று நிறுத்தினாள். "மீட்டிங்ல நீங்க என் பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க?"

"ஆமா" என்றாள் வர்ஷினி. மன்னிப்புக் கேட்டாள். ஆஷா அதை ஏற்றதாகவும் சொல்லவில்லை, மறுத்ததாகவும் சொல்லவில்லை. மடிக்கணினியை இரு கைகளாலும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள்.

வர்ஷினி கீழ்த்தளத்துக்கு இறங்கினாள். ஓவர்லாக் வரிசையில் அந்தோணிராஜ் டீ-சர்ட்டின் தோள்பட்டையை இணைத்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் மிதியிலிருந்து காலை எடுத்தார்.

"நேத்துக் கேட்டீங்கல்லங்கண்ணா. உங்க பொண்ணுக்குக் கை நல்லா வருதுங்க. என்னைய விட நல்லா வருது. ஓட விடாமப் பண்ணுனது நான்தானுங்க." நடந்ததை அவள் முழுவதுமாகச் சொன்னாள். பக்கத்து மெஷின்களில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை.

அந்தோணிராஜ் கேட்டு முடித்தார். சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, "எக்கா, ஞாயித்துக்கெழம அவியள வர வேண்டாம்னு சொல்லிரு. புள்ள வேலையில இருக்கா. பெறவு பேசுதேன்" என்று மட்டும் சொல்லி அணைத்தார். பிறகு வர்ஷினியை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் நேற்றிருந்த மரியாதை இல்லை. கோபத்தைக் காட்டிலும் கலக்கமே அதில் மிகுந்திருந்தது.

"நீங்கதான அவளுக்குச் சொல்லிக் குடுத்தவிய. அப்புறம் ஏம்மா இப்படிச் செஞ்சிய?"

வர்ஷினி இதற்கான விடையை இரவெல்லாம் தேடியிருந்தாள். இப்போது அது எளிதாகவே வந்தது.

"அவ வெசயாப் போனா நான் பின்னால நின்னுருவனோன்னு பயந்துட்டேனுங்க. அவ வேகத்தைப் பாதிக்கு மேல கொறச்சு வெச்சேன். அதனால என்ற வேகம் ஒரு துளி கூடக் கூடலீங்கண்ணா. அடுத்தவங்க நல்லா வர்றதைப் பாத்து வயிறு எரியறது எனக்கு வந்த வியாதிங்க. அதுக்கு மருந்தை நான் எடுத்துக்காம, அவளைப் போயி முடக்கிப் போட்டுட்டேன்."